நத்தை தின்னாத பச்சைக் குருத்து

இல்ஃபோர்ட்,
ஜூலை 2009

அத்தான்,

அரிசிப் பையைத் திறக்க அக்கா இன்று சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துத் தந்தார். வாங்கியதும் எனக்கு முகம் சூடேறிவிட்டது. உங்கள் ஹோஸ்டாச் செடியின் பச்சைக் குருத்தை நான் வெட்டியது இந்தக் கத்தரிக்கோலால்தான். நத்தை தின்றுவிட்டது என்று உங்களிடம் சொன்னது பொய்.

இந்த ஆண்டு ஊரில் போர் முடிந்த செய்தி கேட்டு வீட்டுக்கு வீடு இடிந்துபோய் இருக்கிறோம். இந்த நேரத்தில் ஓர் இலையைப் பற்றி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தச் செடியை வாங்கிய புதிதில், ஊர்க் குரோட்டன் போல வெயில் பட்டால்தான் நிறம் ஏறும் என்று நினைத்து நல்ல வெயிலில் வைத்தீர்கள். ஒரே கிழமையில் இலையின் வெள்ளை ஓரமெல்லாம் கருகி, அப்பளம் மாதிரி நொறுங்கியது. வேறொருவர் என்றால் தூக்கி எறிந்திருப்பார். நீங்களோ வேலியோர நிழலுக்கு அதை மாற்றிவிட்டு, "வெள்ளைதான் முதல் எரியுது. பச்சை ஏன் எரியேல்லை?" என்று என்னைக் கேட்டீர்கள். தரைக்கு ரைல்ஸ் பதிக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

போன ஆண்டு அதன் நடுவில் வெள்ளையே இல்லாத முழுப் பச்சைக் குருத்து ஒன்று வந்தது. விட்டால் பச்சையே செடியைப் பிடித்துவிடும், வெட்டுங்கள் என்றார் கன்று விற்ற கடைக்காரர். நீங்கள் வெட்ட விடவில்லை.

"பிடிக்கட்டுமே. எப்பிடிப் பிடிக்குது எண்டு பாப்பம்."

நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த கிழமை, இவ்வளவு அழகான வெள்ளை ஓரம் போய்விடுமே என்ற பதற்றத்தில் அதை அடியோடு வெட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நேரே தோட்டத்துக்குத்தான் போனீர்கள்.

"எங்கையடாப்பா அந்தப் பச்சை?"

"நத்தை திண்டிட்டுது, அத்தான்."

கோபப்படுவீர்கள் என்று பயந்தேன். உங்கள் முகமோ மலர்ந்தது. "பச்சையை மட்டும் திண்டதோ? அப்ப வெள்ளை அதுக்குப் பிடிக்காதோ?" அன்றிலிருந்து விடியக் காலையில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, பூதக்கண்ணாடியும் கையுமாக, ஓடில்லாத அந்தக் கொழுத்த நத்தைகள் எதைக் கடிக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உப்புத் தூவிக் கொல்ல அக்கா வந்தால் கை நீட்டி மறித்தீர்கள். நோயில் விழுந்த வருத்தக்காரரை ஒரு பொய்யின் பின்னால் அலையவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சொல்ல வாயெடுத்த போதெல்லாம் நீங்கள் இன்னோர் இலையைத் தூக்கிக் காட்டினீர்கள். அதற்குள் கார்த்திகையில் கண்ணை மூடிவிட்டீர்கள்.

இன்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி அளந்த கையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அந்த நத்தையைப் பாக்கத்தானே அவர் கட்டிலை விட்டு எழும்பினவர். இல்லாட்டி கோடை முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்திருப்பார்."

அதற்காகப் பொய் சரியாகிவிடாது. என்னை மன்னியுங்கள். உங்கள் நத்தை பார்க்கும் வருத்தம் இப்போது எனக்கும் தொற்றிவிட்டது. வேலைக்குப் போகுமுன் நானும் குனிந்து பார்க்கிறேன். நத்தை பச்சையையும் தின்கிறது, வெள்ளையையும் தின்கிறது. ஆனால் நரம்பை மட்டும் தொடாமல் விட்டுப் போகிறது, அத்தான். ஏனாயிருக்கும்?