ஸ்பேரில் உட்கார்ந்திருக்கும் என் பேத்திக்கு ஒரு வண்டி வேண்டி

அனுப்புநர்:
ஓட்டுநர் பெண்ணின் பாட்டி,
மாடி வீடு, பணிமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
நகரப் பேருந்துப் பணிமனை.

பொருள்: என் பேத்திக்கு ஓட்ட வண்டி கொடுப்பதும், வாசல் பலகையில் உள்ள அவள் போட்டோவை மாற்றுவதும் குறித்து.

மதிப்பிற்குரிய மேலாளர் ஐயாவுக்கு வணக்கம்.

1. நான் ஐந்தாவது வரை படித்தவள். என் மூத்த பேரன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறான். அடுத்தவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு வாங்கினான். ஓடியதே இரண்டு பேர்தான் என்று அவன் அக்காக்கள் சொல்வதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். நடுப்பேத்திதான் தங்கள் பணிமனையின் முதல் பெண் ஓட்டுநர். பச்சை வண்டிக்கு முன்னால் அவள் சிரித்துக்கொண்டு நிற்கும் போட்டோவைத் தாங்களே வாசல் பலகையில் மாட்டினீர்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் இந்தக் குஞ்சைப் பொன் என்று முதலில் சொன்னது தாங்கள்.

2. மழைக்காலம் முடிந்ததிலிருந்து அவள் சீக்கிரமே வீடு திரும்புகிறாள். கேட்டதற்கு, "ஸ்பேர்ல போட்டிருக்காங்க பாட்டி" என்றாள். ஸ்பேர் என்றால் அவசரத்துக்கென்று பத்திரமாக எடுத்து வைக்கும் நல்ல சாமான் என்று நினைத்து, தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுக் கண்டக்டர் தம்பிதான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓட்ட வண்டி இல்லாம பெஞ்சுல உக்கார வைக்கிறதுக்குப் பேருதான் ஸ்பேர், பெரியம்மா" என்று விளக்கினார்.

3. அவள் ஓட்டிய பச்சை வண்டி எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும். மதிலோரம் நிற்கிறது. முதலில் கண்ணாடி போயிற்று, பிறகு சக்கரம், பிறகு ஸ்டீயரிங். புதுச் சாமான் வாங்கப் பணம் இல்லாததால் அதிலிருந்து கழற்றி மற்ற வண்டிகளுக்கு மாட்டுகிறார்கள். பேத்தி இப்போது துணி காயப்போட மாடிக்கு வருவதில்லை.

4. நான் நேரில் வந்தபோது தாங்கள் நாற்காலி கொடுத்துப் பொறுமையாகச் சொன்னீர்கள்: வண்டி வராததால் ஆள் ஏறுவதில்லை, ஆள் ஏறாததால் வசூல் இல்லை, வசூல் இல்லாததால் வண்டி இல்லை. தங்கள் தலைக்கு மேல் இருந்த மின்விசிறியும் ஓடவில்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் எழுந்து வந்தேன். ஆனால் அவளைப் போன்ற தற்காலிக ஓட்டுநர்களில் விடாமல் வண்டி ஓட்டியவர்களைத்தான் நிரந்தரம் செய்வோம், மற்றவர்களை மாதக் கடைசியில் வேலையிலிருந்து நிறுத்திவிடுவோம் என்று சொல்வதும் தங்கள் ஆபீஸ்தான். வண்டி கொடுக்காவிட்டால் அவள் எதை ஓட்டுவாள் ஐயா?

5. ஆகவே, பிரேக் மட்டும் சரியாக இருக்கும் ஒரு வண்டியை, மற்றபடி எவ்வளவு ஓட்டையானாலும், அவளுக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்களாலும் ஆகாது என்று எனக்கே தோன்றுகிறது. அப்படியானால் இந்த ஒன்றையாவது செய்யுங்கள். இல்லாத வண்டிக்கு முன்னால் சிரிக்கும் அந்தப் போட்டோவைத் தாண்டித்தான் அவள் தினமும் பெஞ்சுக்குப் போகிறாள். அதைக் கழற்றிவிடுங்கள். வண்டி கிடைத்தால் வண்டியோடு, கிடைக்காவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறபடியே, புதிதாக ஒரு போட்டோ எடுத்து மாட்டுங்கள். யூனிஃபார்ம் இஸ்திரி கலையாமல்தான் இருக்கிறது.

நாள்: மாதத்தின் இரண்டாம் திங்கட்கிழமை
இடம்: பணிமனைக்குப் பின்தெரு

இப்படிக்கு,
தங்கள் முதல் பெண் ஓட்டுநரின் பாட்டி
(கையொப்பம்)