இரண்டு பிரேக் வண்டி

நாத்தனார் வீடு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். நீயும் என் பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நாள் முழுக்க உன் மாமனாரோடு ஒரே காருக்குள் உட்கார்ந்திருக்கிறேன். அவருக்குக் கண் மங்கினாலும் காது பாம்புச் செவி. நான் போனில் கிசுகிசுத்தால்கூடக் கேட்டுவிடும். பேனா சத்தம் போடாது. அவர் குளிக்கப் போகும்போதும் மத்தியானம் கண் அசரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். கையெழுத்து ஓரிடத்தில் நின்றும் ஓரிடத்தில் ஓடியும் இருந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். இது எனக்கும், இப்போது உனக்கும் மட்டும்தான் தெரியும். உன் மாமனாரைப் பொறுத்தவரை இது தங்கையையும் பழைய கூட்டாளியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிற பயணம். கூட்டாளியின் வீடு மலை அடிவாரத்தில் இருக்கிறது. மலையைத் தாண்டினால் உங்கள் பக்கம். அதுவரை கூட்டி வந்துவிட்டால் மீதியை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். மலை ஏறுவாரா, அடிவாரத்திலேயே முரண்டு பிடித்து வண்டியைத் திருப்பச் சொல்வாரா என்பதுதான் தெரியவில்லை.

அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடந்ததை அவன் உன்னிடம் எவ்வளவு சொல்லியிருக்கிறான் என்று தெரியவில்லை. அவன் எதையும் பாதி சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிற ஆள். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் அவனும் அப்பாவோடு வேலை செய்தான். சிக்னலில் சிவப்பு விழுந்திருக்கும்போது கற்றுக்கொள்ள வந்த பெண்ணிடம் உன் மாமனார் ‘போ’ என்றார். பின் இருக்கையில் இருந்த என் பிள்ளை கத்தி நிறுத்தினான். ஸ்கூலுக்குத் திரும்பியதும், இனிமேல் நீங்கள் கற்றுக்கொடுக்க வேண்டாம், உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். இவருக்கு அந்த ‘எல்லார் முன்னாலும்’ மட்டும்தான் காதில் விழுந்தது. என் இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டார். அன்று சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன் உங்கள் ஊர் பஸ் டிப்போவில்தான் போய் நின்றான். உங்கள் கல்யாணத்துக்கு இவர் வரவில்லை. இவரைத் தனியே விட்டுவிட்டு வர முடியாமல் நானும் வரவில்லை. அது எனக்கு இன்றைக்கும் உறுத்தல்தான்.

ஏன் தனியே விட முடியவில்லை என்று நீ கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன். டாக்டர் பார்த்து, பார்வை திரும்பி வராது, ஊசி போட்டுக்கொண்டால் இருப்பது நிற்கும் என்றார். ஸ்கூலை மூடிவிட்டோம். இது பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறை. சத்தியம் வாங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஸ்கூலை மூடிய பிறகு இவரிடம் கார் ஓட்டக் கற்ற கடைசி ஆள் நான்தான். அந்த ஸ்கூல் காரில்தான் வருகிறோம். பக்கத்து இருக்கையிலும் பிரேக்கும் கிளட்சும் இருக்கிற வண்டி. நான் வேகம் எடுத்தால் அவர் குறைக்கிறார். ஸ்டியரிங் என்னிடம், பிரேக் அவரிடம். எங்கள் குடும்பமே இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடியது, அதனால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கூரைமேல் இருக்கும் பயிற்சிப் பலகையையும் கழற்ற விடவில்லை. பெட்ரோல் போட்ட ஆள் சிரித்துக்கொண்டே யார் கற்றுக்கொள்வது என்று கேட்டதற்கு, இவள் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று என்னைக் காட்டினார். லைசென்ஸ் வாங்கியவள் நான். வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

நாத்தனார் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். மனதில் ஒன்றும் நிற்காது அவளுக்கு. சாப்பிட உட்கார்ந்ததும், உன் பிள்ளை என்னிடம் போனில் பேசுகிறான், அப்பா பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறான் என்று போட்டு உடைத்துவிட்டாள். இவர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, அவன் குரல் எப்படி இருக்கிறது, சளி பிடித்த மாதிரி இருக்கிறதா என்று தங்கையிடம் விசாரித்ததைக் கேட்டேன். பாம்புச் செவி எனக்கும் கொஞ்சம் உண்டு.

நாங்கள் வருவதை அவனிடம் இப்போது சொல்லாதே. பாதி வழிக்கு ஓடி வந்து நிற்பான். இவர் பொறியில் மாட்டிய மாதிரி உணர்ந்தால் காரியம் கெட்டுவிடும். அடுத்த கடிதம் வரும்வரை உன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள். பல் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவளுக்கு இதைக்கூடச் சொல்ல வேண்டுமா?

உன் அன்பு அத்தை


கூட்டாளி வீடு, மலை அடிவாரம்,
வியாழக்கிழமை

அன்பு மருமகளே,

பூட்டைத் திறந்துவிடலாம். ஏன் என்று சொல்கிறேன்.

நாத்தனார் வீட்டிலிருந்து கிளம்பிய அன்று நல்ல வெயில். சாலையின் இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். நிழல் தார்மேல் குறுக்கே குறுக்கே விழுந்து கிடந்தது. நான் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி குலுங்கி நின்றுவிட்டது. நான் பிரேக்கைத் தொடவே இல்லை. பின்னால் வந்த லாரி எங்களை உரசாத குறையாக ஒதுங்கி, மண்ணில் இறங்கி நின்றது. இந்த மனுஷனோடு ஏன் கிளம்பினோம் என்று வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது.

லாரிக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார். கூரைமேல் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “புதுசாம்மா?” என்றார். ஆமாம் என்று சொல்லித் தப்பிக்க நான் வாயெடுத்தேன். அதற்குள் உன் மாமனார் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

“அவங்க சரியாத்தான் ஓட்டினாங்க. நான்தான் நிழலைப் பள்ளம்னு நெனச்சு மிதிச்சிட்டேன். எனக்குக் கண்ணு தெரியலை” என்றார்.

டாக்டரிடம்கூட அவர் இப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, லைட் சரியில்லை என்றுதான் சொல்வார். லாரிக்காரர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். பார்த்துப் போங்கள் என்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு கூட்டாளி வீடு வரும்வரை இவர் பிரேக் பக்கம் காலைக் கொண்டுபோகவில்லை. கியரை மாற்று என்றுகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருந்தது.

இந்தக் கூட்டாளி மெக்கானிக். எல்லாரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் மனைவி உட்பட. வீட்டுக்கு முன்பக்கம் ஷெட், பின்பக்கம் அடுப்படி. நடுவில் எது அறை, எது ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு என்று கண்டுபிடிப்பது கஷ்டம். நான் படுத்த கட்டிலுக்கு அடியில் ஒரு ரேடியேட்டர் இருந்தது. டீ குடித்த தம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே இவர், “என் பக்கத்துப் பெடலைக் கழட்டிடுடா” என்றார். கிரீஸ் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கழற்றும்போது இவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எந்த போல்ட்டை முதலில் எடுக்க வேண்டும் என்று அதற்கும் பாடம் நடத்தினார். எல்லாம் கையோடு வந்த பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “பையன் அன்னைக்கே சொன்னான். நான்தான் கேக்கலை” என்றார். கிரீஸ் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர். வேறு யாராவது என்றால் நான் அப்பவே சொன்னேனே என்று ஆரம்பித்திருப்பார்கள்.

கொஞ்சம் கழித்து இவரே கேட்டார், இந்த வண்டி மலைக்கு அந்தப் பக்கம் போகுமா என்று. வண்டி போகும், நீ போவாயா என்றார் கிரீஸ் அண்ணன். “ஓட்டறவ அவ. எங்க கூட்டிட்டுப் போனாலும் போறேன்” என்றார் உன் மாமனார். நான் அடுப்படிக்குள் போய், காரணமே இல்லாமல் கழுவிய தம்ளர்களை மறுபடி கழுவினேன்.

ஆகவே இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடு. கண் விஷயத்தையும் சொல். நான் சொன்னேன் என்றே சொல். எதிரே ஓடி வர வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும். இவராகவே வந்து சேர்ந்தார் என்று இருக்கட்டும். எங்களுக்காகத் தடபுடல் பண்ணாதே. கதவருகே படி இருந்தால் அங்கே மிதியடி எதுவும் போடாதே, இவருக்குக் கால் தடுக்கும்.

உன் அத்தை


மலைக்கு இந்தப் பக்கம், தங்கும் விடுதி,
சனிக்கிழமை

என் கண்ணே,

மலை தாண்டிவிட்டோம். இறங்கும்போது பிரேக் சூடாகி வாடை வந்தது. இன்று வண்டிக்கும் எனக்கும் ஓய்வு. தபாலில் போட்டால் கடிதத்தை நாங்கள் முந்திவிடுவோம் என்று உங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன் வீட்டுக்காரன் பெயரைச் சொன்னதும் அந்த டிரைவர், அவர் எங்களுக்கு டிரெயினிங் கொடுத்தவராயிற்றே என்று எழுந்து நின்றார். உன் மாமனார் உடனே, நன்றாகச் சொல்லிக்கொடுப்பானா என்று கேட்டார். கொஞ்சம் திட்டுவார் என்றார் டிரைவர். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி.

உங்கள் பக்கம் இவ்வளவு வெட்டவெளியாக இருக்கும் என்று நீ சொல்லவே இல்லை. மலை முடிந்த இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டியவரை மஞ்சள் வயல். வானம் பக்கத்தில் வந்த மாதிரி இருக்கிறது. காற்றில் கார் கதவைத் திறக்கவே பயமாக இருக்கிறது. வழியெல்லாம் இவர் அங்கே என்ன, இங்கே என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். மரம் என்றேன். என்ன மரம் என்றார். பச்சை மரம் என்றேன். இப்படி ஒரு வழிகாட்டி அமைந்தால் உருப்பட்ட மாதிரிதான் என்றார். இறக்கத்தில் ஒவ்வொரு வளைவிலும் பெடல் இல்லாத இடத்தில் அவர் கால் மிதித்துக்கொண்டே இருந்தது. நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன்.

நாளை மத்தியானத்துக்குள் வந்துவிடுவோம். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கடிதமே அதற்காகத்தான்.

இவருக்குப் பார்வை நடுவில்தான் போயிருக்கிறது. ஓரத்தில் இருக்கிறது. நேராகப் பார்த்தால் எதிரில் நிற்கிறவரின் முகம் இருக்கிற இடம் வெறும் புகை. யாரையாவது நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் முகத்தைக் கொஞ்சம் அப்பால் திருப்பிக்கொள்வார். அப்போதுதான் ஓரக்கண்ணில் தெரியும். கிரீஸ் அண்ணன் மனைவி இது தெரியாமல், நான் பேசப் பேச வேறெங்கோ பார்க்கிறாரே, என்ன தப்புப் பண்ணினேன் என்று என்னிடம் வந்து கலங்கினாள்.

என் பிள்ளைக்கும் இது தெரியாது. அப்பா காரிலிருந்து இறங்கி முகத்தைத் திருப்பினால், இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து அவன் உள்ளே போய்விடுவான். நான் பெற்றவன், எனக்குத் தெரியும். அவனைப் போக விடாதே அம்மா. கையைப் பிடித்துக்கொள். முதலில் அவனையே “அப்பா” என்று கூப்பிடச் சொல். அந்தக் குரலைக் கேட்டதும் உன் மாமனார் முகம் வேறு பக்கம் திரும்பும். திரும்பட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவன் அந்த இடத்தை விட்டு அசையாமல் நிற்கட்டும். அவர் தன் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அத்தை