கல்சுரோக்

14-7-1966, வியாழன்.

கொரியாக் கப்பலிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடப்பட்ட மாலுமி கிம், வார்டு குமாஸ்தாவான எனக்குப் போன வாரம் ஒரு சொல் கற்றுத்தந்தார். 'க' என்றால் போ. அதன் வாலில் 'ல்சுரோக்' ஒட்டினால் நம் 'போகப் போக' வந்துவிடுகிறது. எனக்கு ஒரே குஷி.

இன்று டாக்டர் போனதும் அவர், "கல்சுரோக்..." என்று நிறுத்தினார். பாடம் கேட்கிறார் என்று எண்ணி, "சரியாகிவிடும்" என்று நானே இங்கிலீஷில் முடித்துவைத்தேன். அவர் இல்லையென்று தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாப்பிடும்போது என் மனைவி கமலா கேட்டாள்: "உங்க கொரியாக்காரர் எப்படி இருக்கார்?"

"போகப் போகச் சரியாயிடும்."

"எங்கப்பா கடைசியாப் படுத்துண்டிருந்தப்பவும் இதத்தான் சொன்னேள்."

மோர் சாதத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டேன்.