தலைகீழாக மாட்டவில்லை

கோவளம்,
புதன்கிழமை காலை.

அன்பு மகன் தேவசகாயத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், அந்த மஸ்கட் வெயிலில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று தினமும் முழங்கால் போடுகிறேன். முதலில் பிள்ளைகள் சேதி. உன் மகன் ஜோஷ்வா நம் கடற்கரையில் நடந்த அலைச்சறுக்குப் போட்டியில் இரண்டாவது வந்து கப்பு வாங்கினான், டி.வி. பக்கத்தில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் நானே எடுத்துக் காட்டுகிறேன். உன் தங்கை பொன்னியின் மகள் சஹானாவுக்குச் செங்கல்பட்டில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, வெள்ளை உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று. உன் மகள் சிநேகாவை வண்டி கம்பெனியில் நிரந்தரம் பண்ணிவிட்டார்கள், புது வண்டிகளை ஓட்டிப் பார்த்துக் குறை சொல்கிற பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். குறை சொல்றதுக்குச் சம்பளம்னா நீங்கதான் அத்தை அங்க மேனேஜரு என்று உன் பெண்டாட்டி ரேணுகா என்னைக் கேலி செய்கிறாள், செய்யட்டும்.

இதெல்லாம் போனில் சொல்லியிருப்பேன், நீதான் மூன்று வாரமாக எடுப்பதில்லையே. பக்கத்து வீட்டு பதருன்னிசா மகன் ஜைத் நாளை ராத்திரி விமானம் ஏறி வெள்ளிக்கிழமை அங்கே வந்து சேருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, எழுத்துக் கூட்டியாவது கடைசிவரை படி, ஏனென்றால் தப்பு என் வாயில் வந்தது. உன் பழைய மண்பாதை மோட்டார் சைக்கிளுக்குச் சிநேகா புது ஃபோர்க் போடுகிறாள் என்று நான் அன்றைக்குப் போனில் பெருமையாகத்தான் ஆரம்பித்தேன். அப்புறம், எல்லாத்தையும் தலைகீழா மாட்டி வச்சிருக்காடா என்று சொல்லிவிட்டேன். நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக் குலுக்கலைத் தாங்குகிற குழாய்களுக்குத்தானே ஃபோர்க் என்று பேர், உன் வண்டியில் குண்டுக் குழாய் கீழேயும் மெல்லிசு மேலேயும் இருந்ததை நான் எத்தனை வருஷம் துடைத்திருக்கிறேன், இவள் மாட்டியதில் குண்டு மேலே இருந்தது. நீ அதைக் கேட்டதும் அந்தப் பொண்ணும் உழுந்து காலை ஒடைச்சிக்கணுமா என்று கத்திவிட்டு வைத்துவிட்டாய், மறுநாளே பழைய வண்டி வாங்குகிற கேளம்பாக்கத்து ஆளிடம் வண்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய்.

அன்றைக்கே சிநேகாவிடம் கேட்டேன். இன்னா ஆயா இப்டி போட்டுக் குடுத்துட்ட, இப்ப வர்ற ஃபோர்க்கே இப்டித்தான், குண்டு மேல கீது, மெல்லிசு கீழ கீது, அப்பதான் மேல கெட்டியாப் பிடிச்சிக்கும், முன்பக்கம் முறுக்காது என்றாள். நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஈ.சி.ஆர். டீக்கடை ஓரமாகப் போய் நின்றேன், சென்னையிலிருந்து மகாபலிபுரம் போகிற பையன்கள் பெரிய பெரிய வண்டிகளை அங்கேதான் நிறுத்துவார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் குனிந்து பார்த்தேன். இன்னா ஆயா, வண்டி எடுக்கப் போறியா என்று ஒருத்தன் கேட்டான். கலர் புடிக்கலடா என்றேன். பெரிய வண்டிகளில் பாதிக்கு மேல் உன் மகள் மாட்டினாற்போலத்தான் இருந்தது. நான் அசடு வழிய வீடு திரும்பினேன்.

அவள் செய்த வேலையையும் கேள். புதுப்பேட்டை பழைய சாமான் கடையில் பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு புது வண்டியின் முன்பக்கத்தைச் சக்கரம் பிரேக்கோடு வாங்கி வந்தாள். இரண்டு குழாயையும் வண்டியோடு சேர்க்கிற அதன் நடுத்தண்டு, கைப்பிடி திரும்புகிற நம் வண்டிக் கழுத்துக்கு எட்டவில்லை, பழைய தண்டையே அதில் இறக்கலாம் என்றால் ஓட்டை பெரிசு. திருக்கழுக்குன்றம் ரோட்டில் லேத் வைத்திருக்கிறானே சின்னையன், அவனிடம் நடுவில் போட ஒரு வளையம் கடையச் சொன்னாள். கடைந்து கொடுத்ததைப் போட்டுப் பார்த்து, ஒரு நூல் ஆடுது அண்ணாத்த, வேற போடு என்று திருப்பிவிட்டாள். ஒரு நூலா, உங்கப்பன் இத்தினி பார்த்துகினு கீறானா, ஏறுனான்னா பறந்துடுவான் என்று முனகிக்கொண்டே மறுபடி கடைந்தான். கைப்பிடியைத் திருப்பினால் குழாய் டேங்கில் இடித்தது, அதற்கும் ஒரு தடுப்பு வெல்டு வைத்தாள். எல்லாம் முடிந்து மணலில் ஓட்டிக் காட்டினாள், முன்பக்கம் அமுங்கிப் பொறுமையாக எழுந்தது, நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

இனி எழுதப்போவதுதான் நான் முக்கியமாக எழுத வந்தது. உன் பழைய ஃபோர்க்கைப் பிரித்தபோது இடதுபக்கக் குழாய்க்குள் இருந்த ஸ்பிரிங் சுருள் இரண்டாக உடைந்து கிடந்தது. அந்தக் காலத்தில் நீ வண்டியோடு கீழே விழுந்ததில் உடைந்திருக்கும் என்றுதான் நான் சொன்னேன். அவள் உடைந்த முனைகளை என் விரலில் வைத்தாள், கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. விழுந்ததுல ஒடைஞ்சிருந்தா முனை சொரசொரன்னு இருக்கணும் ஆயா, இது ஒன்னோட ஒன்னு ஒரசி ஒரசித் தேஞ்சிருக்கு, அப்பா விழுந்தப்புறம் இந்த வண்டிய யாரு ஓட்டுனா என்று கேட்டாள். யாரும் ஓட்டவில்லை. பதினாலு வருஷமாகச் சாக்குப் போட்டுத்தானே மூடிக் கிடந்தது. அப்படியென்றால் நீ விழுவதற்கு முன்னாலேயே அது உடைந்திருந்தது, உள்ளே இருந்ததால் உனக்குத் தெரியவில்லை, அன்றைக்கு மணல்மேட்டில் இறங்கும்போது முன்பக்கம் மடங்கினது உன்னால் இல்லை. அந்த நாளில் ஊரே திமிரில் விழுந்தான் என்றது, ஊரை விடு, உன் காலில் கம்பி வைத்துப் படுத்திருந்தபோது கட்டில் ஓரத்தில் நின்று நானும் அதையே சொன்னேன். நீ மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாய். இரண்டு தடவை தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசி உன்னைப் புண்படுத்திவிட்டேன், மன்னித்துக்கொள் ஐயா.

போன சனிக்கிழமை கேளம்பாக்கத்து ஆள் குட்டி யானை வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். சிநேகா சாவியை அவன் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள், உன் பேச்சை மீறக்கூடாது என்று. நான்தான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, வண்டி என் புள்ளயோடது, வாசல் என்னோடது, வாசல் வழியா எப்டி எடுத்துகினு போவ என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்தே தீருவேன் என்று போயிருக்கிறான். இதைப் படித்த உடனே அவனுக்குப் போன் போட்டு வண்டி கொடுப்பதற்கில்லை என்று சொல். அப்புறம் உன் மகளைக் கூப்பிடு, திட்டுவதாக இருந்தாலும் கூப்பிடு, உன் குரல் வராமல் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு, பனிக்காலத்தில் காலுக்குத் தைலம் போடு, வெறும் தரையில் படுக்காதே. ஆண்டவர் உன்னைப் போகும்போதும் வரும்போதும் காப்பார்.

சுருளின் ஒரு துண்டை ஜைத்திடம் கொடுத்திருக்கிறேன், நீயே விரல் வைத்துப் பார். அப்புறம் ஒன்று. நீ அனுப்புகிற படம் எல்லாம் நீ ஓட்டுகிற கிரேனுக்குள் உட்கார்ந்திருக்கிறது, இல்லையென்றால் இடுப்புக்கு மேலே. லீவில் வந்தாலும் லுங்கியைத் தழையத் தழையக் கட்டிக்கொள்கிறாய். இனி எதற்கு ஒளிக்க வேண்டும். புதுசாக ஒரு போட்டோ எடு, தலையிலிருந்து பாதம் வரை, நேராக நின்று. கால் கோணலாகத் தெரிந்தால் தெரியட்டும். செல்லில் அனுப்பாதே, அது மேலே போய் மறைந்துவிடுகிறது, கழுவித் தபாலில் போடு.

உன் அம்மா,
காசியம்மாள்