பின்னால் கேட்ட காலடி

மாசி மாதம், சனிக்கிழமை.

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பழைய மாணவியர் ஓட்டத்துக்கு இன்று என்னையும் இறக்கிவிட்டார்கள். "நாட்டுக்காக வெளிநாடுகளில் ஓடிய நமது வீராங்கனை" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ததைச் சொல்லவில்லை.

பக்கத்துத் தடத்தில் ஏறாவூர் றிபாயா நின்றாள். பள்ளி நாட்களில் எந்த ஓட்டத்திலும் எனக்கு அடுத்ததாகவே வந்தவள்.

"இண்டைக்கு உன்ன விடமாட்டன் கா," என்று சிரித்தாள். எனக்கும் ஆசையாக இருந்தது. என்னை யாராவது உண்மையாகத் துரத்தி எவ்வளவு காலமாகிறது.

பாதி வழியில் முழங்கால் மடங்கப் பார்த்தது. அவளுடைய காலடி என் தோளருகே வந்துவிட்டது. பிறகு மெல்லப் பின்வாங்கியது. திரும்பிப் பார்க்காமல் ஓடிப் பழகியவள் நான். பின்னால் வருபவள் களைத்துத் தளர்கிறாளா, வேண்டுமென்றே தளர்கிறாளா என்பது எனக்குக் கேட்கும்.

நான்தான் முதலாவது. கைதட்டி, ஒரு பிளாஸ்டிக் பேசின் தந்தார்கள்.

"ஏன் கா மெதுவாக்கின நீ?" என்று அவளிடம் கேட்டேன்.

"மூச்சு முட்டிட்டு புள்ள. வயசு போகுதுதானே."

அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. சிரித்துக்கொண்டே என் முழங்காலைப் பார்த்தாள்.

அந்தப் பேசினில் ஐஸ் போட்டுத் துணியை நனைத்து ஒற்றிக்கொண்டிருக்கிறேன். வீக்கம் வற்றவில்லை. வெளிநாட்டு மைதானத்தில் கடைசியாக வந்த அன்றுகூட மனம் இப்படி இருக்கவில்லை. அங்கே யாரும் எனக்காகத் தளரவில்லை.

றிபாயா இன்று என்னைத் தோற்கடித்திருக்கலாம். பள்ளிக்கூடக் காலம் முழுக்க அதற்குத்தானே ஆசைப்பட்டாள்.