துரை பேனாவில் காய்ந்த சந்தனம்

இன்று காலை அண்ணன் வீட்டில் ஆயுத பூசைக்குச் சந்தனம் அரைத்தேன். முதல் சுற்றிலேயே கல்லிலிருந்து கையை எடுத்துவிட்டேன். ஊருக்கெல்லாம் மணக்கிற சந்தனம் எனக்கு மட்டும் பயத்தைக் கிளப்புகிறது. யாரிடம் போய்ச் சொல்ல? சிரிப்பார்கள். அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். இருந்தபோது வாயால் சொல்லாத பெயரைப் போனபின் எழுதவும் கை வரவில்லை. புருஷன் பெயரை எழுதாவிட்டால் மடல் போய்ச் சேராதா என்ன.

மலாயாவில் காஹாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நீங்கள் கணக்கெழுதும் கிராணி. ஆபீசுக்குப் பின்னால் தோட்டம் கொடுத்த வீடு. தோட்டத்துத் துரை சிங்கப்பூர் போயிருந்த ஒரு பூசை நாளில், பால் வெட்டும் கத்தி, வாளி, தராசு, லாரி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஆபீசுக்குள் போனீர்கள். மேசைமேல் துரை விட்டுப்போன பேனா. புது மாதிரி, வால் பக்கத்துக் குமிழைத் திருகினால் உள்ளே ஒரு தக்கை ஏறி இறங்கி மையை உறிஞ்சும். எழுதுகிற சாமானை விடலாமா என்று அதற்கும் தாராளமாகச் சந்தனம் அப்பினீர்கள். பூசையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாதே. மறுநாள் தொட்டபோது சந்தனம் குமிழின் இடுக்கில் இறங்கிக் காய்ந்திருந்தது. குமிழ் அசையவே இல்லை.

பேனாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவந்தீர்கள். முகத்தில் ரத்தமே இல்லை.

“செத்தோம் புள்ள. மத்தியானம் துரை வந்துருவாரு. போன கிராணிய ஒரு சாவி தொலைஞ்சதுக்குத்தானே வெளிய அனுப்பினாரு.”

எனக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம். அந்தக் கிராணியின் பெண்டாட்டி பானை சட்டியோடு ரோட்டோரம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

நீங்கள் குமிழைத் திருகக் குறடு ஒன்றை எடுத்துவிட்டீர்கள். பயந்தவன் கையில் குறடு இருக்கக் கூடாது என்று பிடுங்கினேன்.

“ஏங்க, ஒடஞ்சா ஒட்ட வைப்பீங்களா? கல்லுல காஞ்ச சந்தனத்தச் சுரண்டியா எடுக்கிறோம்? ஊறப் போடுங்க.”

வால் பக்கத்தை மட்டும் கிண்ணத் தண்ணீரில் நிறுத்தினோம். மூச்சுக்கு மூச்சு “ஊறிருச்சா, ஊறிருச்சா” என்று கேட்டே என் உயிரை வாங்கினீர்கள். பிறகு தையல் நூலை இடுக்கில் கொடுத்து இழுத்தேன். சந்தனம் குழம்பாகக் கரைந்து வந்தது. துணியால் ஒற்றி, நூல் நுனியில் ஒரு பொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். நீங்கள் திருகினீர்கள். ‘கிறீச்’சென்று ஒரு சத்தம்.

“போச்சா புள்ள?” என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள்.

“கண்ணத் தொறந்து பாருங்க.”

குமிழ் அரைச் சுற்று வந்திருந்தது. முன்னும் பின்னுமாகத் திருகித் திருகி அதை வழிக்குக் கொண்டுவந்தீர்கள்.

துரை மை ஏற்றி எழுதிவிட்டு, பேனாவை முகர்ந்து, “பாகுஸ் கிராணி, நல்லா மணக்குது” என்று மலாயும் தமிழும் கலந்து பாராட்டினாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். “நம்ம வீடு அந்தக் குமிழ்ல தொங்குது புள்ள” என்பீர்கள் அதன்பின். துரை இப்போது மைக்கூட்டைத் திறப்பாரோ என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு அடுப்படியில் திக்கென்று இருக்கும்.

பையன் நடக்கத் தொடங்கிய மழைக்காலத்தில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. காரியம் முடிந்ததும் துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். புதுக் கிராணிக்கு வீடு வேண்டுமாம். காலி செய்யச் சொல்லும் காகிதத்தை எடுத்து வைத்தார். அதே பேனாதான். மை இல்லை. மைக்கூட்டில் முக்கிக் குமிழைப் பிடித்தார்.

வீடு போகிறதே என்று நான் அழவில்லை. திரும்புமா, இறுகிக்கொள்ளுமா, இல்லாத உங்களைத் திட்டுவாரோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பிவிடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். குமிழ் வெண்ணெயாகத் திரும்பியது. துரை கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் எங்கே போவது என்று தெரியாமல் அழுதேன்.

இன்று பையன் தன் சிலேட்டைக் கொண்டுவந்து நீட்டினான். “பொட்டு பெருசா வைம்மா” என்றான். சிலேட்டில் குமிழ் ஏது, தக்கை ஏது. ஆனாலும் விரல் தயங்கி நின்றது. சட்டத்தின் இடுக்கில் படாமல், நட்டநடுவில் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன்.