வாசலில் மாட்டிய முகமூடி

ஐப்பசி 4, புதன்
விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. அவர் தெற்கு சூடானில் ஐ.நா. படைப் பணி முடிந்து முந்தாநாள் வந்தார். பெட்டி நிறைய மரச் சாமான், எல்லாம் கையால் செதுக்கியது. யானைகளை நாத்தனார்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒட்டகச்சிவிங்கி பாப்பாவுக்கு. பல்லை இளிக்கும் முகமூடியை மட்டும் யாரும் தொடவில்லை. "எம்புள்ளைக்கு ஊர் கண்ணு ஜாஸ்தி. இத்த வாசல்ல மாட்டு" என்றார் மாமியார். எலுமிச்சை, மிளகாயோடு கிரிவலப் பாதையைப் பார்த்துத் தொங்குகிறது.

அவருக்கு அடுத்த போஸ்டிங் புனே. அங்கே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது! இந்தத் தடவை நானும் பாப்பாவும் கூட. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல். பாப்பாவின் டி.சி., குக்கர், என் சர்டிபிகேட். மறக்கக் கூடாது.

6, வெள்ளி. பௌர்ணமி
கூட்டம் தாங்கவில்லை. யாரோ முகமூடிக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் கற்பூரம். "எந்த ஊரு சாமிம்மா?" என்று ஓர் அம்மா. சாமி இல்லை, சூடான் சந்தையில் வாங்கியது என்றேன். "எங்கேந்து வந்தா இன்னா, வந்து உக்காந்துட்டாங்கல்ல?" கன்னத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்குள் மாமியார் விளக்கோடு வந்துவிட்டார்.

9, திங்கள்
சின்ன நாத்தனாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறதாம். நல்ல சேதிதான். ஆனால் பேர் முகமூடிக்கு. "ஏத்துன வெளக்க நிறுத்துனா குடும்பத்துக்கு ஆவாது. எனக்கு முட்டி வலி. நீ போய்ட்டா யாரு ஏத்துறது?" என்கிறார் மாமியார்.

உண்மையை அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன் அவரிடம். சிரிக்கிறார். "அங்க கடைக்குக் கடை தொங்குது. பேரம் பேசித்தான் வாங்கினேன்." என்னிடம் சொல்லி என்ன பயன்? கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு வருஷம் பொறுத்துக்கயேன்."

ஆத்திரமாக வந்தது. அவரோடு விமானம் ஏற மரத்துண்டுக்கு இருந்த கொடுப்பினை எனக்கு இல்லை. டி.சி. கேட்டு எழுதியதைக் கிழித்துப் போட்டேன். மாவு புளித்துவிட்டது.

12, வியாழன்
மழை விட்டிருக்கிறது. ஆட்டோ வந்தது. ஒரே பெட்டி. கடைசி நிமிஷத்தில் கூப்பிடுவாரோ என்று நல்ல புடவை கட்டி நின்றேன். நினைத்தால் வெட்கம்.

வாசலில் ஷூவைக் கழற்றினார். பேரம் பேசி வாங்கிய அதே ஆள். கண்ணை மூடிக் கும்பிட்டு, குங்குமம் எடுத்து இட்டுக்கொண்டார். ஏறும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "வெளக்க மட்டும் விட்றாத."